காபி மணக்கும் சாக்லேட் கப்

சாக்லேட் இனிப்பில் காபி சேர்ப்பது என்றால் பெரும்பாலும் இன்ஸ்டன்ட் காபித் தூள் டப்பாவைத்தான் திறப்போம். ஒரு ஸ்பூன் தூள், கொஞ்சம் வெந்நீர், கலந்து ஊற்றினால் வேலை முடிந்தது. கேக்குக்கு அது போதும். அத்தனை சூட்டில் வெந்து வருகிற கேக்கில் காபி தனியாகத் தெரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சாக்லேட்டின் சுவையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் சரி. ஆனால் ஸ்பூனில் எடுத்து வாயில் வைத்ததும் மெல்லாமலே கரைகிற இனிப்பு செய்கிறோம் என்றால் அந்தத் தூள் மட்டும் போதாது. கசப்பு வரும், நிறம் வரும். காபிக் கொட்டைப் பையைப் பிரித்தவுடன் மூக்கில் ஏறுகிற அந்த வாசனை வராது.

அந்த வாசனைக்கு நான் நம்புவது முழுக் கொட்டையை. வறுத்த காபிக் கொட்டையை அரைக்காமல், இடிக்காமல் குளிர்ந்த க்ரீமில் போட்டு, மூடி, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். காலையில் வடிகட்டினால் க்ரீமின் நிறம் பெரிதாக மாறியிருக்காது. லேசாகப் பழுப்பு ஏறிய வெள்ளை, அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் இதில் காபி எங்கே இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். ஒரு சொட்டு நாக்கில் விட்டால் தெரிந்துவிடும். கசப்பே இல்லாத காபி. வறுபட்ட கொட்டையின் வாசம் மட்டும் தனியாக வந்து நிற்கும்.

காபிக்கு மணம் தருகிற பொருள்களில் பல, கொழுப்பில் நன்றாகக் கரையக்கூடியவை. க்ரீமில் கொழுப்புக்குப் பஞ்சமில்லை. கசப்பும் துவர்ப்பும் தருகிறவை வேகமாக இறங்குவதற்கு வெந்நீரும் பொடியாக அரைத்த தூளும் வேண்டும். சூடும் இல்லை, அரைக்கவும் இல்லை என்றால் அவை பெரும்பாலும் கொட்டைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. வறுத்த காபியில் 800க்கும் மேற்பட்ட மணப்பொருள்களை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவற்றில் பல சூடு பட்டால் ஆவியாகிவிடும். அடுப்படி முழுக்கக் காபி வாசம் கமழ்கிறது என்று நாம் மகிழ்கிற நேரத்தில், அந்த வாசம் பாத்திரத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. குளிரில் ஊறவைத்தால் அது க்ரீமிலேயே தங்கும்.

இந்தக் க்ரீமைக் கொண்டு நான் செய்வது, சின்னச் சின்னக் கப்புகளில் வேகவைத்த சாக்லேட் கஸ்டர்ட். பிரெஞ்சு சமையலில் இதற்கு ‘போ த க்ரெம்’ என்று பெயர். மாவு கிடையாது, ஜெலட்டின் கிடையாது, கார்ன்ஃப்ளோர் கிடையாது. மஞ்சள் கருவும் சாக்லேட்டில் இருக்கிற கொக்கோ வெண்ணெயும்தான் இதைக் கெட்டிப்படுத்துகின்றன. மேலே பார்க்கக் கறுப்பாக, பளபளவென்று, ஒரு குமிழிகூட இல்லாமல் இருக்க வேண்டும். ஸ்பூன் உள்ளே போகும்போது எதிர்ப்பே தெரியக் கூடாது. எடுத்த இடத்தில் பள்ளம் அப்படியே நிற்கவும் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து அமைவதுதான் இதன் அழகு என்று நினைக்கிறேன். சாக்லேட் ரோஜாவும் தங்கத் தாளும் வைத்து இதை அழகாக்க வேண்டியதில்லை.

ஆறு சின்னக் கப்புக்கு அளவு சொல்கிறேன். கப் ஒவ்வொன்றும் 125 மி.லி. பிடிக்கிற அளவு. க்ரீம் 300 மி.லி., கொழுப்பு எடுக்காத பால் 200 மி.லி., வறுத்த காபிக் கொட்டை 50 கிராம், மஞ்சள் கரு நான்கு, சர்க்கரை 40 கிராம், டார்க் சாக்லேட் 120 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, இன்ஸ்டன்ட் காபித் தூள் ஒரு டீஸ்பூன். ஆமாம், அந்த டப்பாவும் வேண்டும். அதை ஏன் சேர்க்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கொட்டையைப் பற்றி முதலில். கரிந்துபோன கறுப்பில், மேலே எண்ணெய் கசிந்து மினுமினுக்கிற கொட்டை இதற்கு வேண்டாம். அது குடிக்கும் காபிக்குப் பிடிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். க்ரீமில் ஊறினால் சாம்பல் வாடைதான் முன்னால் வரும். நடுத்தரமாக வறுத்த, பழுப்பு நிறத்தில் வறண்டு இருக்கிற கொட்டை நல்லது. அராபிகாவாக இருந்தால் இன்னும் நல்லது. ரொபஸ்டாவில் காஃபின் ஏறத்தாழ இரண்டு மடங்கு, கசப்பும் அதிகம். பையில் வறுத்த தேதி போட்டிருந்தால் பார்த்து வாங்குங்கள். பல மாதம் ஆன கொட்டையில் வாசம் வடிந்திருக்கும். வாசத்தை மட்டுமே நம்பிச் செய்கிற வேலையில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பிரித்து முகர்ந்து பாருங்கள். மூக்குக்கு எட்டாதது நாக்குக்கும் எட்டாது.

அடுத்து சாக்லேட். பொருள் பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள் என்பதை நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். கொக்கோ வெண்ணெய் என்று எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு, பாமாயில், ஹைட்ரஜனேற்றிய கொழுப்பு என்று இருந்தால் அது காம்பவுண்ட். அச்சில் ஊற்றவும் கேக்கின் மேல் பூசவும் அது வசதியானது, கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இந்தக் கப்புக்கு மட்டும் வேண்டாம். கொக்கோ வெண்ணெய்க்கு ஓர் அபூர்வ குணம் உண்டு. அறை வெப்பத்தில் கெட்டியாக நிற்கும். நல்ல சாக்லேட்டில் அமைகிற படிகம் 34 டிகிரி அளவில் உருகிவிடும். நம் வாயின் சூடு அதைவிடச் சற்று மேலே. அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் காணாமல் போகிறது. காம்பவுண்டில் உள்ள கொழுப்பு அப்படி மொத்தமாகக் கரைவதில்லை. சாப்பிட்டு முடித்த பிறகும் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் அடியில் காபி வாசம் அமுங்கிவிடும்.

கொக்கோ எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்? 60லிருந்து 65 வரை எனக்குச் சரியாக வருகிறது. 70க்கு மேல் போனால் கொக்கோ காபியை அடக்கிவிடுகிறது, கஸ்டர்டும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது இறுகிப்போய் வருகிறது. 50க்குக் கீழே என்றால் சர்க்கரைதான் முன்னால் நிற்கும். பழப் புளிப்பு உள்ள சாக்லேட், பருப்பு வாசம் உள்ள சாக்லேட் என்று இரண்டு வகை கையில் இருந்தால் நான் இரண்டாவதையே எடுப்பேன். புளிப்பான சாக்லேட்டோடு புளிப்பான காபி சேர்ந்தால் க்ரீம் லேசாகத் திரிந்ததோ என்ற சந்தேகம் சாப்பிடுகிறவருக்கு வரும். திரிந்திருக்காது. ஆனாலும் அந்தச் சந்தேகம் வந்தபின் ருசி போய்விடுகிறது.

இந்த இரண்டு பொருளும் இத்தனை ஒத்துப்போவது தற்செயல் இல்லை. இரண்டுமே மரத்தில் காய்க்கிற பழத்தின் விதைகள். இரண்டையும் பறித்த பிறகு பெரும்பாலும் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுக்கிறார்கள். வறுக்கும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து நடக்கிற மயார் வினையில் பிறக்கிற பைரசின்கள் என்ற மணப்பொருள்கள் இரண்டிலும் இருக்கின்றன. கசப்பிலும் உறவு உண்டு. காபியில் காஃபின், கொக்கோவில் பெரும்பங்கு தியோப்ரோமின். இரண்டு மூலக்கூறுகளுக்கும் இடையில் மெத்தில் என்கிற ஒரே ஒரு சின்ன அணுத் தொகுதிதான் வித்தியாசம். ஆகவே இவை பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு சுவைகள் இல்லை, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொள்கிறவை. எங்கே காபி முடிந்து சாக்லேட் தொடங்குகிறது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் இருந்தால் செய்தது சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி அந்த இன்ஸ்டன்ட் தூள். முழுக் கொட்டை வாசத்தைத் தருகிறது, காபியின் அடிக்கசப்பைத் தருவதில்லை. வாசம் மட்டும் இருந்தால் ருசி மேலோட்டமாக மிதக்கும், கீழே பிடிமானம் இருக்காது. அந்தப் பிடிமானத்துக்கு ஒரே ஒரு டீஸ்பூன் தூள். அதற்கு மேல் வேண்டாம். சிக்கரி கலக்காத தூளாகப் பாருங்கள். சிக்கரியின் கசப்பு வேறு வகை, சாக்லேட்டோடு சேராமல் தனியாக நிற்கும்.

சரி, செய்முறை. முதல் நாள் ராத்திரி க்ரீமையும் பாலையும் ஒன்றாக ஊற்றிக் கொட்டையைப் போட்டு மூடி வைத்தாயிற்று. கண்ணாடிப் பாத்திரமாக இருந்தால் நல்லது, பிளாஸ்டிக் டப்பாவில் பழைய வாடை ஏதாவது ஒளிந்திருக்கும். 12 மணி நேரம் போதுமானது. மறுநாள் வடிகட்டி அளந்து பாருங்கள். கொட்டை கொஞ்சம் குடித்திருக்கும். குறைந்த அளவுக்குப் பால் ஊற்றி மறுபடி 500 மி.லி. ஆக்கிக்கொள்ளுங்கள். இந்த அளவைச் சரிசெய்யாமல் விட்டால் கஸ்டர்ட் இறுகிவிடும்.

சாக்லேட்டைப் பொடிப்பொடியாக நறுக்குங்கள். இதில் சோம்பல் வேண்டாம். பெரிய துண்டு உருகுவதற்குள் க்ரீம் ஆறிவிடும். நறுக்கிய சாக்லேட்டோடு காபித் தூளையும் உப்பையும் போட்டு வையுங்கள். உப்பு கசப்பின் கூர்மையை நாக்கில் மழுங்கச் செய்யும். உப்புச் சுவை தெரியாத அளவுக்குத்தான், ஆனால் போடாமல் விடாதீர்கள்.

வடிகட்டிய க்ரீமை அடுப்பில் வைத்து ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்து ஆவி பறக்கும்போது இறக்கிவிடுங்கள். கொதிக்கக் கூடாது. ராத்திரி முழுக்கக் காத்திருந்து பிடித்த வாசத்தை ஒரு கொதியில் விட்டுவிடலாமா?

இப்போது நான் மிகவும் விரும்பிச் செய்கிற கட்டம். சூடான க்ரீமில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் சாக்லேட்டின் மேல் ஊற்றி, ஒரு நிமிடம் தொடாமல் வைத்து, ரப்பர் கரண்டியால் நடுவிலிருந்து சின்ன வட்டமாகக் கலக்கத் தொடங்குங்கள். பார்ப்பதற்குப் பயமாக இருக்கும். சாக்லேட் கட்டிகட்டியாகத் திரளும், எண்ணெய் பிரிந்த மாதிரி மினுங்கும். சாக்லேட்டில் சர்க்கரைத் துகளும் கொக்கோத் துகளும் கொழுப்பில் மூழ்கிக் கிடக்கின்றன. கொஞ்சமாக ஈரம் பட்டால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் க்ரீம் ஊற்றுங்கள், அதே வட்டத்தில் கலக்குங்கள். மூன்றாவது முறை ஊற்றும்போது திடீரென்று நடுவில் ஒரு பளபளப்பு பிறக்கும். சின்னதாக, ஒரு நாணயத்தின் அகலத்துக்கு. கரண்டியை அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பளபளப்பு மெல்ல வெளியே பரவிப் பாத்திரம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். கொழுப்பு மிகச் சின்னத் துளிகளாக உடைந்து நீரில் பரவி நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம். இனி மிச்சக் க்ரீமைத் தாராளமாக ஊற்றலாம். மொத்தக் க்ரீமையும் ஒரே தடவையில் ஊற்றிக் கலக்கினாலும் சாக்லேட் உருகும், குடிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் இந்தப் பளபளப்பும் வாயில் அந்த வழவழப்பும் கிடைக்காது.

வேறொரு பாத்திரத்தில் மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் கலக்கிக்கொள்ளுங்கள். சர்க்கரையைக் கருவின் மேல் கொட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். சர்க்கரை கருவிலிருக்கும் நீரை உறிஞ்சிச் சின்னச் சின்னக் கெட்டித் திப்பிகளை உண்டாக்கிவிடும், பிறகு அவை கரையவே கரையாது. போட்டதும் கலக்க வேண்டும். நுரை வரும்படி அடிக்கவும் கூடாது. சாக்லேட் கலவை கதகதப்பாக, விரல் வைத்தால் பொறுக்கிற சூட்டில் இருக்கும்போது, அதை மெல்லிய தாரையாகக் கருவில் ஊற்றியபடி கலக்குங்கள். பிறகு நெருக்கமான வடிகட்டியில் வடிகட்டி, கொட்டும் மூக்குள்ள ஜாடியில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். குமிழிகள் மேலே வரும். ஸ்பூனால் வழித்து எடுங்கள். அப்படியும் மிச்சம் இருப்பவற்றைக் கப்புகளில் ஊற்றிய பிறகு ஊசி முனையால் உடைக்கலாம். இது வீண் சிரத்தை என்று தோன்றும். கப் வெந்து வந்து, மேலே கண்ணாடியாகப் பளபளக்கும்போது தோன்றாது.

ஓவனை 150 டிகிரியில் வையுங்கள். ஆழமான ட்ரேயில் ஒரு துணியை விரித்து, அதன் மேல் கப்புகளை அடுக்கி, கப்பின் பாதி உயரம் வரை வெந்நீர் ஊற்றி, மேலே ஃபாயிலால் மூடுங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். ஓவன் என்ன சூட்டில் இருந்தாலும் கப்பைத் தொடுவது தண்ணீரின் சூடுதான். துணி, அடியிலிருந்து ஏறும் சூட்டைத் தணிக்கும், கப்பும் நழுவாது. ஓவன் இல்லாதவர்கள் கப்புகளை ஃபாயிலால் தனித்தனியாக மூடி, அடுப்பைச் சிம்மில் வைத்து ஆவியில் வேகவைக்கலாம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. மூடியை ஒரு மரக்கரண்டியால் லேசாகத் திறந்தபடி வைத்தால் உள்ளே சூடு ஏறாது. அந்த முறையில் 15லிருந்து 20 நிமிடத்துக்குள் வெந்துவிடும். ஓவனில் 30லிருந்து 35 நிமிடம்.

எப்போது எடுப்பது என்பதுதான் எல்லோருக்கும் வருகிற சந்தேகம். அக்கா அவள் வீட்டில் இதைச் செய்தபோது வீடியோ காலில் கூப்பிட்டாள். ட்ரேயைப் பாதி வெளியே இழுத்து வைத்துக்கொண்டு போனைக் கப்பின் மேல் பிடித்தாள்.

“ஏண்டி, நடுவுல இன்னும் ஆடுதே. வேகலையே இது?”

“ஆடணும்கா. ஓரம் நின்னுடுச்சா பாரு.”

“ஓரம் நின்னுருச்சு. நடுவுல மட்டும் தளதளன்னு இருக்கு.”

“அப்ப எடுத்துரு. இப்பவே எடு.”

“இன்னும் ஒரு பத்து நிமிஷம் வச்சா நல்லதில்லையா?”

“வச்சா முட்டை வாசம்தான் வரும். எடுக்கா முதல்ல.”

அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். கப்பை லேசாகத் தட்டினால் ஓரம் அசையாமல் இருக்க வேண்டும், நடுவில் மட்டும் நன்றாக உறைந்த தயிர் அசைவதைப் போல மொத்தமாக ஓர் அசைவு தெரிய வேண்டும். அலை அலையாகத் தளும்பினால் வேகவில்லை. கல்லாக நின்றால் தாண்டிவிட்டது. வெப்பமானி இருக்கிறவர்கள் நடுவில் குத்திப் பார்க்கலாம், 77லிருந்து 80 டிகிரிக்குள் இருந்தால் சரி. 85ஐத் தாண்டினால் கருவிலிருக்கும் புரதம் இறுகி, நீரை வெளியே தள்ளி, வழவழப்பு போய்த் துகள்துகளாக நாக்கில் படும். இவ்வளவு இளக்கமாக எடுத்தால் பிறகு எப்படிக் கெட்டியாகும் என்று அக்காவும் கேட்டாள். மஞ்சள் கரு செய்ய வேண்டிய வேலை முடிந்துவிட்டது. மிச்ச வேலை கொக்கோ வெண்ணெயுடையது. அது ஆறினால்தான் உறையும். ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம் இருந்தால் தானாக நிற்கும்.

வெளியே எடுத்ததும் கப்புகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் அந்தச் சூட்டில் வெந்துகொண்டே இருக்கும். அறை வெப்பத்துக்கு ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். க்ரீமும் சாக்லேட்டும் பக்கத்தில் இருக்கிற வாடையை உடனே பிடித்துக்கொள்ளும். நறுக்கிய வெங்காயம் இருக்கிற தட்டில் மூடாமல் வைத்தால் ஊறவைத்த கொட்டையின் வாசம் எல்லாம் வீண். இரண்டு நாள் வரை நன்றாக இருக்கும். இரண்டாம் நாள் ருசி இன்னும் கூடுகிறது என்பது என் அனுபவம். விருந்துக்கு முந்தின நாளே முடித்துவிடலாம் என்பது இதன் இன்னொரு சௌகரியம். மீந்த வெள்ளைக் கருவை டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் பிறகு ஆம்லெட்டுக்கோ கேக்குக்கோ எடுத்துக்கொள்ளலாம்.

பரிமாறுவதற்கு 20 நிமிடம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள். நான் இதைச் சொல்லியும் பலர் கேட்பதில்லை. சில்லென்று இருக்கும்போது வாசம் எழும்பாது, இனிப்பும் நாக்குக்குக் குறைவாகத் தெரியும், கொக்கோ வெண்ணெயும் இறுக்கமாக இருக்கும். அந்த 20 நிமிடத்தில் காபி மேலே வந்துவிடும்.

மேலே வைக்க ஒன்றே ஒன்று: சர்க்கரை போடாமல், பாதி மட்டும் அடித்த க்ரீம், ஒரு டீஸ்பூன். விஸ்க்கைத் தூக்கினால் க்ரீம் வழிந்து, விழுந்த தடம் சில நொடியில் மறைகிற பதம். இத்தாலியின் டூரின் நகரத்தில் பிச்செரின் என்று ஒரு பானம் உண்டு. சின்னக் கண்ணாடிக் கிளாசில் சூடான சாக்லேட், காபி, மேலே குளிர்ந்த க்ரீம். கலக்காமல் குடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். இனிப்பில்லாத குளிர்ந்த க்ரீமைத் தாண்டித்தான் கசப்பும் இனிப்பும் நாக்குக்கு வரும். இந்தக் கப்பிலும் நான் செய்வது அதேதான். அதன் மேல் நாலைந்து கொக்கோ நிப்ஸ், அதாவது உடைத்த கொக்கோ விதைத் துணுக்குகள், தூவலாம், கடிபட ஏதாவது வேண்டும் என்கிறவர்களுக்கு. காபித் தூளை மேலே தூவுகிற பழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்காது. கரையாத தூள் நாக்கில் மணலாகப் படும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்; சுமார் 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளை நாக்கு உணர்ந்துவிடும். சாக்லேட்டை அந்த அளவுக்குக் கீழே அரைத்து வழவழப்பாக்குவதற்கு ஆலையில் அத்தனை பாடுபட்டிருக்கிறார்கள். அதன் மேல் நாமே கொரகொரப்பைத் தூவலாமா?

கப் சின்னதாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே ஸ்பூனைக் கொடுங்கள். இது நாலு ஸ்பூனுக்கான இனிப்பு. ஐந்தாவது ஸ்பூனில் திகட்டத் தொடங்கும், திகட்டுவதற்கு முன்னால் தீர்ந்துவிட வேண்டும். இதில் காஃபின் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கிறீர்கள் என்றால் காபி குடித்தால் தூக்கம் போகும் என்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குழந்தைகளுக்கும் பார்த்துக் கொடுங்கள்.

அண்ணி முட்டை சாப்பிட மாட்டார். அவர் வருகிற நாளில் எல்லோருக்கும் ஒன்று, அவருக்கு மட்டும் வேறொன்று என்று தட்டை மாற்றி வைக்க எனக்கு மனம் வராது. அப்படிப்பட்ட நாளுக்கு வைத்திருக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எர்வே திஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1995இல் செய்துகாட்டியது இது. சாக்லேட்டும் தண்ணீரும் மட்டும். முட்டையும் இல்லை, க்ரீமும் இல்லை. உருக்கிய சாக்லேட்டில் தண்ணீரைக் கலந்து, ஐஸ் மேல் வைத்து அடித்தால் அது க்ரீமைப் போலவே பொங்கி நிற்கிறது. அடிக்கிற க்ரீம் என்பதே கொழுப்பும் நீரும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்ததுதானே, கொழுப்பு பாலிலிருந்து வந்தால் என்ன, கொக்கோவிலிருந்து வந்தால் என்ன என்பது அவர் கணக்கு. தண்ணீருக்குப் பதிலாகக் காபி ஊற்றலாம். ஊற்றாமல் எப்படி?

இங்கே கொழுப்பில் ஊறவைக்க வழியில்லை, தண்ணீரில் முழுக் கொட்டையைப் போட்டால் வாசம் சரியாக இறங்காது. அதனால் கொட்டையைக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்கிறேன். 45 கிராம் தூளை 300 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிதாளில் வடித்தால் 200 மி.லி. சுமாருக்குத் தெளிந்த டிகாக்ஷன் கிடைக்கும். அதைக் கைபொறுக்கும் சூட்டுக்கு மட்டும் சூடாக்கி, 225 கிராம் சாக்லேட்டை அதிலேயே உருக்கிக்கொள்ளுங்கள். இதற்கு மட்டும் 70 சதவீதச் சாக்லேட் வேண்டும். கொழுப்பு குறைந்தால் பொங்காது. ருசி பார்த்து, வேண்டுமென்றால் ஒரு ஸ்பூன் சர்க்கரை சேர்க்கலாம். ஒரு பெரிய பாத்திரத்தில் ஐஸும் தண்ணீரும் போட்டு, அதன் மேல் கலவைப் பாத்திரத்தை வைத்து விஸ்க்கால் அடியுங்கள்.

முதல் இரண்டு மூன்று நிமிடம் கறுப்புத் தண்ணீராகவே இருக்கும். பிறகு நிறம் வெளிறத் தொடங்கும், காற்று உள்ளே போகிறது என்று அடையாளம். விஸ்க்கின் தடம் மெல்லத் தெரியும், தெரிந்தவுடன் வேகத்தைக் குறைத்து ஐஸிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கிருந்து கெட்டியாவது நொடிக்கணக்கில் நடக்கும். கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போதே நிறுத்த வேண்டும், கப்பில் ஊற்றுவதற்குள் மிச்சம் இறுகிவிடும். கைதவறித் துகள்துகளாகப் போனாலும் கவலை வேண்டாம். மறுபடி இளஞ்சூட்டில் உருக்கி மறுபடி அடிக்கலாம். எத்தனை முறை உருக்கினாலும் சாக்லேட்டும் காபியும்தானே, கெட்டுப்போவதற்கு அதில் முட்டையா இருக்கிறது? இதை முன்கூட்டியே செய்து ஃப்ரிட்ஜில் வைக்க மட்டும் முயலாதீர்கள், கட்டியாக இறுகிவிடும். காபியையும் சாக்லேட்டையும் முன்பே உருக்கிக் கலந்து வைத்துக்கொண்டு, சாப்பாடு முடிந்து எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது ஐஸை எடுத்து அடிக்கத் தொடங்கினால் சரியாக இருக்கும்.